விக்காமப் போன தட்டுகள்: அரிய றொக் அல்பங்களின் கதை

போன தைப்பொங்கல் அன்று லண்டனில் இருந்து மாமா வீடியோ கோல் எடுத்தார். பொங்கல் பானையைக் காட்டப்போறார் எண்டு பார்த்தால், ஒரு கறுப்பு இசைத்தட்டைக் கமெராவுக்கு முன்னால் பிடிச்சார். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் பாட்டின் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சுழி மட்டும். அவர் தட்டை மெல்லத் திருப்ப, பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலை சுத்தியது.

"இது என்ன தெரியுமோ பிள்ளை? கிரெசிடா எண்டு ஒரு குழு. 'அசைலம்' அல்பம். 1971. முதல் அச்சு. ரெண்டு வருஷமாத் தேடினனான்."

விலையையும் சொன்னார். அந்தக் காசுக்கு இங்க ஒரு நல்ல லப்டொப் வாங்கலாம். என்ர லப்டொப் அப்ப மூடி உடைஞ்சு, றப்பர் பான்ட் போட்டுத்தான் நிண்டது. அந்த எரிச்சலிலதான் கேட்டன் எண்டு நினைக்கிறன்.

"மாமா, இதில அந்தப் பாட்டுக்காரருக்கு எவ்வளவு போகும்?"

மாமா சிரிச்சார். "ஒரு சதமும் போகாது."

சிரிச்சுச் சொன்னாலும் அந்தப் பதில் என்னை விடவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தி ஆரோ சில பெடியள் வாசிச்ச இசை, இண்டைக்கு இவ்வளவு பெறுமதி. ஆனால் வாசிச்சவைக்கு ஒன்றும் இல்லை. இது எப்படி நடந்தது? அதைத் தேடி வாசிச்சதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வலை வீசின கொம்பனிகள்

எல்.பி. எனப்படும் நீண்டநேரத் தட்டை 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா கொம்பனி சந்தைக்குக் கொண்டுவந்தது. 12 அங்குல விட்டம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை. ஆனாலும் அறுபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் இளம் ஆட்களின் இசை என்றால் அது சின்னத் தட்டுத்தான். பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம், முடிஞ்சுது. அந்தப் பழக்கம் 1967 இல் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' வந்ததோடு ஆட்டம் கண்டது. முழு அல்பத்தையும் ஒரே படைப்பாய்ச் செய்யலாம், அதை ஆட்கள் காசு குடுத்து வாங்கவும் செய்வினம் என்று கொம்பனிகளுக்கு விளங்கியது.

அடுத்த இரண்டு வருஷத்தில் இசை எங்கேயோ போய்விட்டது. 1969 ஒக்ரோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் அல்பம் வந்தது. முழுத் தட்டிலும் ஐந்தே பாட்டுகள். அலறும் ஒரு முகம் உறை முழுக்க. அதை வரைஞ்ச பெரி கோட்பர் ஒரு கணினி நிரலாளர். அவர் செய்த ஒரே அல்பம் உறை அதுதான். அல்பம் வந்து சில மாதங்களில் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

இந்த நீண்ட, சிக்கலான, சில நேரம் காதைக் கிழிக்கிற இசையை விற்கிறது எப்படி என்று பெரிய கொம்பனிகளின் மேலாளர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் விடவும் மனமில்லை. அதனால் ஒவ்வொரு கொம்பனியும் இதற்கென்றே தனிப் பெயரில் கிளை திறந்தது. இ.எம்.ஐ. 1969 இல் 'ஹாவெஸ்ட்' என்ற பெயரில் தொடங்கியது. அதே வருஷம் பிலிப்ஸ் 'வெர்ட்டிகோ' தொடங்கியது. பை கொம்பனிக்கு 'டோன்', ஆர்.சி.ஏ.க்கு 'நியோன்'. எல்லாருடைய கணக்கும் ஒன்றுதான். பத்துக் குழுவை எடுப்பம், ஒன்று ஓடினால் போதும்.

வெர்ட்டிகோவுக்கு அந்த ஒன்று கிடைத்தது. பேர்மிங்ஹாமின் அஸ்டன் பகுதியைச் சேர்ந்த நாலு தொழிலாளர் வீட்டுப் பெடியள். கிற்றார் வாசிக்கிற டொனி அயோமிக்குத் தகர ஆலையில் வேலை செய்யேக்க வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அந்த விரல்களுக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். 1969 ஒக்ரோபரில் ஒரே ஒரு நாள், ஏறக்குறைய 12 மணித்தியாலம், லண்டனில் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்து முழு அல்பத்தையும் வாசித்து முடித்தார்கள். 1970 பெப்ரவரி 13 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, அது வெளிவந்தது. குழுவின் பெயரும் அல்பத்தின் பெயரும் ஒன்று: பிளாக் சபாத். விமர்சகர்கள் திட்டினார்கள். சனம் வாங்கியது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் வரைக்கும் போனது. அதே ஆண்டு வந்த இரண்டாவது அல்பம் முதலாம் இடத்துக்கே போனது.

சரி, மற்ற ஒன்பது பேருக்கு என்ன நடந்தது? அஃபினிட்டி, கிரேஷஸ், மே பிளிட்ஸ், மாமாவின் கிரெசிடா. எல்லாம் அதே 1970 இல், அதே கொம்பனியில், அதே சுழியோடு அல்பம் வெளியிட்டவை. திறமை இல்லாத ஆட்கள் என்று சொல்ல ஏலாது. கேட்டுப் பாருங்கோ, கிரெசிடாவின் ஓர்கன் வாசிப்பு ஒன்றே போதும். ஆனால் விற்கவில்லை. 'அசைலம்' கடைக்கு வர முன்னமே குழு கலைந்துவிட்டது. தங்கட இரண்டாவது அல்பத்தைக் கையில் எடுக்கேக்க அவர்கள் ஒரு குழுவாகவே இல்லை.

லீஃப் ஹவுண்ட் என்று இன்னொரு குழு. இது டெக்கா கொம்பனி. 1971 இல் 'குரோவர்ஸ் ஒஃப் மஷ்றூம்' என்ற ஒரே அல்பம். பிளாக் சபாத், லெட் செப்பலின் கேட்கிற ஆட்களுக்கு உடனே பிடிக்கிற கனமான றொக். அல்பம் பிரித்தானியாவில் வெளிவரேக்க இந்தக் குழுவும் உடைந்துவிட்டது. பாடகர் பீற்றர் ஃபிரெஞ்ச் அற்றொமிக் றூஸ்ரர் குழுவுக்குப் போய்விட்டார். மேடையேறி அந்தப் பாட்டுகளைப் பாட ஆளில்லை. பாட ஆளில்லாத தட்டைக் கடைக்காரன் ஏன் வாங்கி வைக்கப்போறான்? இண்டைக்கு அந்தத் தட்டின் நல்ல பிரதி ஒன்று பல ஆயிரம் பவுண் போகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேணும். விற்காதபடியால் கனக்க அச்சடிக்கவில்லை. கனக்க அச்சடிக்காதபடியால் இப்போது கிடைக்கவில்லை. கிடைக்காதபடியால் விலை. அண்டைக்குத் தோற்றதுதான் இண்டைக்கு விலையாய் நிற்கிறது.

உறைக்குச் செலவழிச்ச காசு

அந்த நேரத்துத் தட்டுகளைச் சேர்க்கிறவர்கள் பாதிப் பேர் உறைக்காகத்தான் சேர்க்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். புத்தகம் மாதிரி விரிகிற இரட்டை உறை அப்போது வழமையாகியது. வெர்ட்டிகோவின் பல உறைகளுக்குக் கீஃப் என்ற பெயரில் கீத் மக்மிலன் படம் எடுத்தார். பிளாக் சபாத்தின் முதல் உறையில், பழைய தண்ணீர் ஆலைக்கு முன்னால் கறுப்பு உடுப்போடு ஒரு பெண் நிற்பாவே, அது அவருடைய படம். அந்த ஆலை ஒக்ஸ்ஃபோட்ஷயரில் மேப்பிள்டேர்ஹாம் என்ற ஊரில் இன்னும் இருக்கிறது. பின்னாளில் யெஸ் குழுவின் உறைகளால் உலகப் புகழ் பெற்ற றொஜர் டீனும் வெர்ட்டிகோவுக்கு உறை செய்திருக்கிறார். நியூக்கிளியஸ் குழுவின் 'இலாஸ்ரிக் றொக்' உறையில் ஒரு இடத்தை வெட்டித் திறந்து, உள்ளுக்குள்ள இருக்கிறது வெளியே தெரியச் செய்தார்.

தட்டின் முதல் பக்கம் முழுக்கச் சுழி. பாட்டுகளின் பெயர் எல்லாம் மற்றப் பக்கத்தில். தட்டு சுத்தேக்க அந்தச் சுழி உங்களை உள்ளுக்கு இழுக்கும். கேட்கிற ஆளைக் கண்ணாலும் பிடிச்சு வைக்கிற யோசனை அது. 1973 இல் சுழியை நிறுத்திவிட்டு, றொஜர் டீன் வரைஞ்ச விண்கலப் படத்தைப் போட்டார்கள். அதனால்தான் சேகரிப்பாளர்கள் "சுழி வெர்ட்டிகோ" என்று தனியாய்ப் பிரித்துச் சொல்லுகிறார்கள்.

இதை வாசிக்கேக்க எனக்கு ஒன்று உறுத்தியது. பாடுறதுக்கு ஒரு நாள் குடுத்த கொம்பனி, உறைக்கு இவ்வளவு செலவழிச்சிருக்கு. இசை ஓடுமோ தெரியாது, பொருள் வடிவாய் இருந்தால் ஆராவது வாங்குவினம் என்ற கணக்கு. அந்தக் கணக்கு பிழைக்கவும் இல்லை. வாங்க ஐம்பது வருஷம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

தட்டை வாசிக்கிற விதம்

முதல் அச்சு என்றால் என்ன? மாமாவிடம் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார். நான் சுருக்கிச் சொல்லுறன்.

முதலில் மெழுகு மாதிரி மெதுவான அரக்குப் பூசின தட்டில் இசையை வெட்டுவார்கள். அதில் உலோகம் படிய வைத்து ஒரு அச்சு, அதில் இருந்து இன்னொன்று, கடைசியாய் வினைல் பிளாஸ்ரிக்கை அமுக்குகிற உலோக அச்சு. அமுக்க அமுக்க அச்சு தேயும். தேய்ந்தால் மாற்ற வேணும். ஆகவே முதலில் வந்த தட்டுகள் மூல ஒலிக்குக் கிட்ட இருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் நம்பிக்கை. பல நேரம் அது உண்மையும்கூட.

எது முதல் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைசிப் பாட்டு முடிந்து, நடுத்தாள் தொடங்க முன்னம் இசையில்லாத ஒரு வெறும் வளையம் இருக்கும். வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிச்சால் அதில் சின்ன எழுத்துகள் தெரியும். இ.எம்.ஐ. கொம்பனி அச்சின் இலக்கத்தைக் குறிக்க ஒரு இரகசிய முறை வைத்திருந்தது. ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், ரி, டி என்று 'கிராமபோன் லிமிட்டெட்' என்பதில் இருந்து எடுத்த பத்து எழுத்துகள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, இப்படியே போய் டி என்றால் 0. ஹாவெஸ்ட் தட்டு ஒன்றில் தனி ஜி இருந்தால் சேகரிப்பாளருக்கு நித்திரை வராது.

சில நேரம் அந்த எழுத்து ஒரு ஆளின் பெயர். லெட் செப்பலினின் இரண்டாவது அல்பத்தை 1969 இல் அமெரிக்காவில் வெட்டினவர் பொப் லட்விக். வளையத்தில் 'ஆர்.எல்.' என்று தன்ர பெயரின் முதலெழுத்துகளைக் கீறியிருந்தார். அவர் வெட்டினது பயங்கரச் சத்தம். கொம்பனித் தலைவர் அஹ்மெட் எர்ரிகனின் மகளுடைய மலிவான பிளேயரில் ஊசி துள்ளினதாம், அதனால் சத்தத்தைக் குறைத்துத் திரும்ப வெட்டச் சொன்னார்களாம். லட்விக்கே பிறகு நேர்காணல்களில் சொன்ன கதை இது. அந்த 'ஆர்.எல்.' பிரதிகளை இண்டைக்கும் தேடித் திரிகிறார்கள். அதே குழுவின் முதல் அல்பத்தில் இன்னொரு வேடிக்கை. 1969 இல் பிரித்தானியாவில் வந்த முதல் உறைகளில் குழுவின் பெயர் நீலப்பச்சை நிறத்தில் இருந்தது. கொஞ்சக் காலத்தில் செம்மஞ்சளாக மாற்றிவிட்டார்கள். நீலப்பச்சை உறை நல்ல நிலையில் கிடைத்தால் ஆயிரம் பவுணைத் தாண்டும். பாட்டு அதே பாட்டுத்தான்.

எங்கட கம்பஸில் முதலாம் வருஷத்தில் மூல ஆவணத்தை எப்படிப் பார்க்கிறது என்று படிப்பிச்சவை. தாள் என்ன, மை என்ன, ஆர் எழுதினது, ஆருக்காக, எப்ப. மாமா சமையலறை வெளிச்சத்தில் தட்டைச் சாய்ச்சு வைச்சுச் செய்கிறதும் அதுதான். அவருக்கு அதை ஒருத்தரும் படிப்பிக்கவில்லை.

ஒரு பவுண் பெட்டி

மாமா லண்டனுக்குப் போனது 1989 இல். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. அது தட்டுகளுக்கு மிகக் கெட்ட காலம். 1982 இல் வந்த சிடி அப்போது நல்லாய்ப் பரவிவிட்டது. சனம் வீட்டில் இருந்த தட்டுகளைப் பெட்டி பெட்டியாய்த் தருமக் கடைகளில் கொண்டுபோய்ப் போட்டது. மாமா குளிருக்கு ஒதுங்கத்தான் முதலில் அந்தக் கடைக்குள்ள போனவராம்.

"சூடு போட்டிருப்பாங்கள். சும்மா நிக்கேலாதெண்டு தட்டுப் பெட்டியைக் கிளறுவன். ஒரு தட்டு ஒரு பவுண், அம்பது பென்ஸ். எனக்கு இங்கிலீசு பெரிசா விளங்காது. படத்தைப் பாத்துத்தான் எடுத்தனான்."

அப்படித்தான் தண்ணீர் ஆலைக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் படம் அவர் கையில் வந்தது. பிளேயர் வாங்க இன்னும் எட்டு மாதம் எடுத்தது. அதுவரைக்கும் உறையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பிறகு காலம் மாறியது. ஜேர்மனியின் றிப்பேட்டுவா போன்ற கொம்பனிகள் தொண்ணூறுகளில் மறந்துபோன அல்பங்களை சிடியில் திரும்ப வெளியிட, இசை புது ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்ட ஆட்கள் மூலத் தட்டைத் தேடத் தொடங்கினார்கள். 2000 இல் டிஸ்கொக்ஸ் என்ற இணையத்தளம் தொடங்கியது. எந்தத் தட்டு, எந்த அச்சு, கடைசியாய் எவ்வளவுக்குப் போனது என்று எல்லாருக்கும் தெரிய வந்தது. தருமக் கடைக்காரரும் போனை எடுத்துப் பார்க்கப் பழகிவிட்டார். ஒரு பவுண் பெட்டியின் கதை அதோடு முடிஞ்சுது.

சாம்பியாவில் இருந்து ஒரு மறுபக்கம்

பிரித்தானியாவில் அரியது என்றால் விற்காமல் போனது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை. இதைத் தேடேக்கதான் ஆபிரிக்காவின் சாம்பியாவைப் பற்றித் தெரிய வந்தது. பிளாக் சபாத், லெட் செப்பலின் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த சாம்பியப் பெடியள், எழுபதுகளில் தங்கட கனமான றொக் இசையைச் செய்தார்கள். இண்டைக்கு அதை 'சாம்றொக்' என்கிறார்கள். வானொலியில் 95 வீதம் உள்ளூர் இசை போக வேணும் என்று ஜனாதிபதி கென்னத் கௌண்டா உத்தரவு போட்டதும் ஒரு காரணம்.

அதில் பெரிய குழு 'விச்'. பாடகர் இமானுவேல் சண்டா. மிக் ஜாகரைப் போல ஆடுவார் என்று சனம் 'ஜகாரி' என்று பெயர் வைத்தது. 1975 இல் வந்த 'லேசி போன்ஸ்' அவர்களின் பேர்போன அல்பம். இவர்கள் தோற்ற குழு இல்லை. சனம் திரண்டு வந்து கேட்ட குழு. ஆனால் எழுபதுகளின் நடுவில் செம்பு விலை விழுந்தது. செம்பை நம்பியிருந்த நாடு விழுந்தது. தட்டு வாங்கவும் கச்சேரி வைக்கவும் காசில்லை. பிறகு எயிட்ஸ் வந்தது. சாம்றொக் கலைஞர்களில் கனபேரை அது கொண்டுபோனது. மிஞ்சின சண்டா இரத்தினக்கல் தோண்டப் போனார். அவர் மண்ணுக்குள் கல் தேடிக்கொண்டிருக்கேக்க, அவருடைய தட்டை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதை அங்கே முடியவில்லை. 2010களில் அமெரிக்காவின் நவ்-எகெயின் கொம்பனி சண்டாவைத் தேடிப் பிடித்து, விச் அல்பங்களை முறைப்படி மறுபதிப்புச் செய்தது. அதற்குப் பிறகு அவர் திரும்ப மேடையேறினார். 2023 இல் விச் என்ற அதே பெயரில் 'சங்கோ' என்ற புது அல்பம் வந்தது.

அந்த ஒரு சதம்

இப்போது மாமாவின் பதிலுக்குத் திரும்பி வருவம். பழைய தட்டு கைமாறும்போது கலைஞருக்கு ஒன்றும் போகாது என்பது சட்டப்படி சரி. பழைய புத்தகத்துக்கும் அதுதான் விதி. ஆனால் ஓவியத்துக்கு வேறு விதி இருக்கிறது. பிரித்தானியாவில் 2006 இல் இருந்து, ஓவியர் ஒருவரின் மூலப் படைப்பைக் கலைக்கூடமோ ஏலக்காரரோ திரும்ப விற்றால், அதில் ஒரு பங்கு அவருக்குப் போக வேணும். தட்டு அச்சடிச்ச பொருள், ஆயிரம் பிரதியில் ஒன்று, ஆகவே மூலப் படைப்பு இல்லை என்பது சட்டத்தின் பார்வை. ஆனால் சந்தை அதை மூலப் படைப்பாய்த்தானே விற்கிறது? நிறம் மாறின உறைக்கு ஆயிரம் பவுண் என்றால் அங்கே விலைப்படுவது இசை இல்லை.

சேகரிப்பாளர்களைத் திட்டி இதை முடிக்கலாம் என்றுதான் தொடங்கினேன். எழுத எழுத அது நியாயமாய்ப் படவில்லை. கொம்பனிகள் கைவிட்ட இந்த இசையை மறக்காமல் வைத்திருந்தது இந்த ஆட்கள்தான். தட்டைத் தேடித் திரிஞ்ச விசரர்கள் இல்லாவிட்டால் சண்டாவை ஒருத்தரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். பீற்றர் ஃபிரெஞ்ச் மறுபடியும் லீஃப் ஹவுண்டைக் கூட்டி 2007 இல் இரண்டாவது அல்பம் போட்டதும், அந்த முதல் தட்டின் பெயர் சாகாமல் இருந்தபடியால்தான். அதற்காக, சேர்க்கிறதால் மட்டும் கணக்குத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல ஏலாது. முறையான மறுபதிப்பு, ஒப்பந்தப்படி கலைஞருக்குப் பங்கு, அது வந்தால்தான் பாடினவருக்கு ஏதும் கிடைக்கும். திருட்டு மறுபதிப்பை வாங்கினால் அதுவும் இல்லை.

இதை மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நீ சொல்றது சரி பிள்ளை. ஆனா நான் அண்டைக்கு அம்பது பென்ஸுக்கு வாங்கேக்க அவங்களுக்கு என்ன போனது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்குப் பதில் வரவில்லை. மாமா தட்டைப் பிளேயரில் வைத்து, போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடிச்சார். இங்கே சிக்னல் விட்டு விட்டுத்தான் கேட்டது. ஓர்கன் தொடங்க, கோல் கட்டாகிவிட்டது.

உங்கட வீட்டிலும் அப்பப்பா, அம்மம்மா வைச்ச பழைய தட்டுகள் அலுமாரிக்கு மேல கிடக்கலாம். எந்த மொழித் தட்டாய் இருந்தாலும் பரவாயில்லை. எறிய முன்னம் ஒருக்கா வெளிச்சத்துக்குச் சாய்ச்சு, நடுத்தாளுக்குப் பக்கத்தில் இருக்கிற வெறும் வளையத்தைப் பாருங்கோ. என்ன எழுதியிருக்கு, ஆர் பாடினது, எங்க அச்சடிச்சது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. விலை கேட்கிறதைப் பிறகு பார்க்கலாம்.